பெயர் இடுதலும் குறியீடு தேடுதலும்: தோட்டத்து நாவல் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, எழுதியதை வாசித்துக் காட்டும் வழக்கம் உண்டு. என் முதல் நாவலின் தொடக்க அத்தியாயத்தை அங்கே வாசித்தபோது, நாற்பது ஆண்டுகள் பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டி ஓய்ந்த பெரியவர் ஒருவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இந்த ஆதித்யன் எந்தத் தோட்டத்துப் பிள்ளப்பா? கிராணி மவனா?” கிராணி என்பவர் தோட்ட அலுவலகத்து எழுத்தர். என் நாயகனோ 1949இல் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன்; அவன் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. பெரியவர் கேலி பேசவில்லை. பெயரை வைத்தே பையனின் வீட்டையும் தகப்பனின் வேலையையும் கணித்துவிட்டார். லயத்தின் ஒழுகும் கூரையையும் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்து இருளையும் நான் பத்துப் பக்கம் வருணித்திருந்தது அந்த ஒரு பெயரால் வீணாயிற்று.

அன்றிலிருந்து பெயரை நான் ‘தேர்ந்தெடுப்பதில்லை’, தோண்டி எடுக்கிறேன். குறியீடும் அப்படித்தான் என்பது பின்னால்தான் புரிந்தது. இரண்டையும் மேசையில் அமர்ந்து கற்பனையால் உண்டாக்க முயன்றால் அவை கதையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்; மண்ணிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் மனிதர் வாயிலிருந்தும் எடுத்தால் கதைக்குள் வேர் பிடிக்கும். அதைச் செய்யும் முறையைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் யாவும் பேராக் தோட்டப்புறத்தை ஒட்டியவை. உங்கள் ஊர் கிள்ளானோ குளுவாங்கோ ஆனால் விவரங்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதலில் பிறந்த ஆண்டு, பிறகுதான் பெயர்

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாளை ஒதுக்கி, பெயர் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, அதன் கீழ் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: இவர் எந்த ஆண்டில், எங்கே பிறந்தார்? பெயரை வைத்தவர் யார்? அதை முதன்முதலில் தாளில் எழுதியவர் யார்? நாள்தோறும் இவரை யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள்? நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால் பெயர் பெரும்பாலும் தானே வந்து நிற்கும்.

ஆண்டு ஏன் முதலில் வர வேண்டும் என்றால், மலாயாத் தமிழரின் பெயர்களில் வரலாறு மரத்தின் வளையங்களைப் போலப் படிந்திருக்கிறது. கங்காணி வழி ஆள் எடுப்பதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. ஆகவே கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டி உங்கள் கதையில் இருந்தால், அவர் அந்த ஆண்டுக்கு முன் வந்தவராக இருக்க வேண்டும். அவர் பெயர் வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் வட்டாரச் சிற்றூர்களின் பெயராகவும் இருக்க வேண்டும். அஞ்சலை, பாப்பாத்தி, காத்தாயி, பச்சையம்மா, முனியம்மா, குப்பம்மா என்று அவை வரும். ஆண்களில் முனியன், மாரி, பெருமாள், வீரன், சடையன், கருப்பன். ஊர்க் காவல்தெய்வங்களே கப்பலேறி வந்த பெயர்கள் இவை. தோட்டத்து முனியாண்டி கோயிலையும் மதுரைவீரன் பீடத்தையும் பார்த்தாலே பாதிப் பெயர்ப்பட்டியல் கிடைத்துவிடும்.

அடுத்த வளையம் ஜப்பானியர் காலம். சுபாஷ் சந்திரபோஸ் 1943 ஜூலையில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த பிறகு மலாயாத் தோட்டங்களில் எழுந்த எழுச்சி சிறிதன்று. 1940களின் நடுவில் பிறந்த ஒருவருக்குப் போஸ் என்றோ சந்திரபோஸ் என்றோ பெயர் வைத்தால், அவருடைய தகப்பனின் அரசியலை ஒரு வரியும் செலவிடாமல் சொல்லிவிடலாம். அதற்கடுத்து வருவது திராவிட இயக்கத்தின் வளையம். பெரியார் மலாயாவுக்கு 1929இலும் 1954இலும் வந்தார். அன்பழகன், இளங்கோ, மணிமாறன், தமிழ்ச்செல்வி, மலர்விழி போன்ற பெயர்கள் தோட்டத்துப் பள்ளிப் பதிவேடுகளில் பெருகியதற்குப் பின்னால் அந்த அலையும், தமிழாசிரியர்களின் கையும், தமிழ் நாளிதழ்களும் இருந்தன. முனியனின் மகன் அன்பழகன் என்றால் அந்த வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்திருக்க வேண்டும். குலதெய்வத்தின் பெயரை ஏன் வைக்கவில்லை என்று பாட்டி கேட்டிருப்பார். அந்த வாக்குவாதம் நாவலுக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு காட்சி.

சுரேஷ், தினேஷ், கவிதா வகைப் பெயர்கள் இன்னும் பின்னால் வருபவை. அதற்கும் பிறகு நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும் பெயரை முடிவு செய்யத் தொடங்கின. ரோகிணியில் பிறந்த குழந்தைக்கு ஓ, வ, வி, வு ஆகிய எழுத்துகளில் ஒன்றைத் தேடும் இளம் பெற்றோர் 1955ஆம் ஆண்டின் லயத்தில் இருப்பது அரிது, 2005ஆம் ஆண்டின் அடுக்குமாடி வீட்டில் இருப்பது இயல்பு.

தோட்டம் என்றாலே தமிழர் மட்டுமே என்று எழுதுவதும் பிழை. சிம்மாசலம், அப்பளசாமி, ராமுலு என்றால் தெலுங்கர். பகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களில் அவர்கள் கணிசமாக வாழ்ந்தார்கள். சவரிமுத்து, ஆரோக்கியசாமி என்றால் தோட்டத்தில் ஒரு சிறு தேவாலயம் இருக்கும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கிராணி யாழ்ப்பாணத்தவராக இருந்தால் கனகசபை, தம்பையா, பொன்னம்பலம் என்ற ஒலியில் பெயர் அமையும். மலையாளியாக இருந்தால் நாயர் என்றோ மேனன் என்றோ முடியும். தொழிலாளிக்கும் கிராணிக்கும் இடையிலிருந்த தூரம் பெயரின் ஒலியிலேயே இருந்தது. என் ஆதித்யனைப் பெரியவர் கிராணி வீட்டுக்கு அனுப்பியதன் காரணமும் அதுவே.

தாளில் ஏறிய பெயர்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ நாவலுக்கான சுரங்கமே இதுதான் என்று தோன்றுகிறது.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மலாயாவில் அடையாள அட்டையும் நடைமுறைக்கு வந்தது. அதுவரை மேற்பார்வையாளரான மண்டோரின் வாயிலும் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்திலும் மட்டுமே இருந்த பெயர்கள், அப்போதுதான் அரசாங்கத் தாளில் உரோமன் எழுத்தில் ஏறின. பெயருக்குரியவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதில் விழுந்தது தாளில் விழுந்தது. இலட்சுமி ‘லெட்சுமி’ ஆனார். சுப்பிரமணியம் ‘சுப்ரமணியம்’, ‘சுப்பரமணியம்’ என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே எழுத்து வேறுபட்டது. ஒரே தகப்பனின் பெயர் மூன்று பிள்ளைகளின் சூராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், மூன்று விதமாக இருப்பதைத் தோட்டத்துக் குடும்பங்களில் இன்றும் பார்க்கலாம். சொத்து மாற்றும்போதும் சேமநிதி எடுக்கும்போதும் குடியுரிமைக்கு மனுச் செய்யும்போதும் அந்த ஓர் எழுத்து எத்தனை முறை அலைய வைக்கும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் ஐ.சி.யில், அதாவது அடையாள அட்டையில், உள்ள பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்றோ ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) என்றோ அதன் சுருக்கம் நடுவில் நிற்க, தகப்பன் பெயர் பின்னால் வரும். பழைய தாள்களில் அந்த இடத்தில் ஆங்கிலச் சுருக்கம் இருக்கும். இந்தச் சிறு குறிப்பு கதையின் போக்கையே மாற்றக்கூடியது. படிப்புக்காக வெளிநாடு போகும் மகளை அங்கிருப்பவர்கள் கடைசிப் பெயரைக் கொண்டு அழைப்பார்கள். தகப்பனோடு பேச்சை முறித்துக்கொண்டு போனவளை அந்த ஊரே தகப்பன் பெயரால் கூப்பிடும். இதை எந்த உத்தியாலும் இவ்வளவு எளிதாகக் கொண்டுவர முடியாது.

இவற்றைத் தேடும் இடங்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தோட்டத்து இடுகாட்டின் கல்லறைகள், கோயில் குடமுழுக்குக் கல்வெட்டில் நன்கொடையாளர் பட்டியல், தமிழ்ப்பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, வீட்டு அலமாரியில் கட்டி வைத்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள். நாளிதழ்களின் நினைவஞ்சலி விளம்பரங்களை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: ஒரே கட்டத்துக்குள் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறைப் பெயர்கள் வரிசையாக நிற்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் மின்திரட்டில் தமிழ் முரசின் பழைய இதழ்களைக் காணலாம். கோலாலம்பூரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் தோட்ட நிருவாகக் கோப்புகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

கூப்பிடும் பெயர்

தாளில் உள்ள பெயரைத் தோட்டத்தில் யாரும் கூப்பிடுவதில்லை. பழைய தலைமுறைப் பெண் கணவனின் பெயரைச் சொல்ல மாட்டாள். ‘இவுங்க’ என்பாள், அல்லது மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து ‘செல்வி அப்பா’ என்பாள். அவளையும் அக்கம்பக்கம் ‘செல்வி அம்மா’ என்றே அழைக்கும். இப்படி நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருத்தியின் சொந்தப் பெயரை வாசகர் முதன்முதலில் மருத்துவமனையின் நோயாளிப் பட்டியலிலோ இறப்புச் சான்றிதழிலோ காண்பதாக அமைத்தால், அந்தப் பெயர் விழும் கனம் தனி. அதைப் பாத்திரத்தின் அறிமுகத்திலேயே சொல்லி வீணாக்கிவிடாதீர்கள்.

பட்டப்பெயர்களுக்குத் தோட்டத்தில் பஞ்சமே இல்லை. வேலையால் வருபவை, உடம்பால் வருபவை, ஒரே ஒரு நாள் நடந்த நிகழ்ச்சியால் வந்து மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொள்பவை. ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலையிலிருந்து உயிரோடு மீண்ட ஒருவரைச் ‘சயாம் தாத்தா’ என்றே ஊர் அழைப்பதாக எழுதலாம். அவர் அதைப் பற்றி வாய் திறக்கவே வேண்டாம். பட்டப்பெயரில் சாதியும் இளக்காரமும் கலந்திருப்பதுண்டு. அதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கதைசொல்லியின் குரலே அந்த இளக்காரப் பெயரைப் பயன்படுத்துகிறதா, பாத்திரங்கள் மட்டும் பயன்படுத்துகின்றனவா என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். ‘அவன்’, ‘அவர்’ என்ற தேர்வும் இதைச் சேர்ந்ததே. துரைக்கு ‘அவர்’, முனியனுக்கு ‘அவன்’ என்று கை தானாக எழுதிவிடும். நிறுத்தி யோசிக்க வேண்டிய இடம் அது.

ஊருக்கும் கூப்பிடும் பெயர் உண்டு என்பதால் அதையும் இங்கேயே முடித்துவிடலாம். தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007இல் வந்தது; அதற்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை. 1965இல் நடக்கும் காட்சியில் ஒருவர் தெலுக் இந்தானுக்குப் பேருந்து ஏறினால் நாவல் அங்கேயே தடம் புரளும். தோட்டங்களுக்கு நிறுவனத் தாளில் ஒரு பெயரும் தமிழர் வாயில் இன்னொரு பெயரும் இருந்தன. இரண்டையும் அறிந்து, பேச்சில் இரண்டாவதையே பயன்படுத்துங்கள்.

காதுக்கும் கண்ணுக்கும் ஒரு சோதனை

பெயர்ப்பட்டியல் முடிந்ததும் அதைப் பெரட்டு எடுப்பதுபோல உரக்க வாசியுங்கள். முனியன், முனியம்மா, முனியாண்டி மூவரும் ஒரே லயத்தில் இருப்பது வாழ்க்கையில் இயல்பு, நாவலில் குழப்பம். ஒருவரைத் தாளில் முனியாண்டியாகவும் பேச்சில் ஆண்டியாகவும் வைத்துப் பிரிக்கலாம். முதலெழுத்தும் அசை நீளமும் வேறுபட்டால் வாசகர் கண் தடுமாறாது.

இன்னொரு சோதனை, உயிரோடிருப்பவர்களுக்காக. தோட்டத்து ஊர் சிறியது. பெயர், வேலை, தோட்டம் ஆகிய மூன்றும் உண்மையான ஒருவரோடு பொருந்திவிட்டால் முகப்பில் ‘யாவும் கற்பனை’ என்று போட்டுப் பயனில்லை. மூன்றில் இரண்டை மாற்றிவிடுங்கள்.

குறியீடு: முதலில் கணக்கெடுப்பு

நம்மிடம் குறியீட்டுக்கென்று மிகப் பழைய இலக்கணம் ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் போன்றவற்றைக் கருப்பொருள் என்றும் வகுத்தது. உள்ளுறை உவமத்தைப் பற்றி அது சொல்வது இது: “உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும் என்ப குறியறிந் தோரே.” தெய்வத்தை விட்டுவிட்டு, ஏனைய கருப்பொருளை நிலைக்களமாகக் கொண்டு மறைபொருளை அமைக்க வேண்டும் என்பது இதன் கருத்து. இந்த ஒரு நிபந்தனை இன்றைய தோட்டத்து நாவலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். நம்மில் பலரும் குறியீடு என்றவுடன் காளியின் சூலத்தையும் மாரியம்மன் தேரையும் எடுத்துக்கொள்கிறோம். தெய்வத்துக்குப் பொருள் முன்பே முடிவாகிவிட்டது. அதில் எழுத்தாளர் சேர்ப்பதற்கு இடம் குறைவு. மரத்தடியில் பால் பிடிக்கும் மங்கும், வெட்டும் உளியும், உறைந்து ஒட்டிக்கொண்ட ஒட்டுப்பாலும் அப்படியல்ல.

எனவே உங்கள் தோட்டத்தின் கருப்பொருள்களைக் கணக்கெடுங்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை ஒரு பாத்திரத்தின் கை தொடுவது, மூக்கில் ஏறுவது, காதில் விழுவது எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெரட்டு மணி, தலைவிளக்கு, வாளி, கொசுவர்த்திப் புகை, பால் உறைய ஊற்றும் அமிலத்தின் காரம், ஆயாக் கொட்டகையின் தொட்டில், கள்ளுக்கடைப் பலகை, சீனர் மளிகைக் கடையின் கடன் புத்தகம். நூறு பொருள்களாவது வரட்டும். அவற்றில் மூன்று அல்லது நான்கே நாவலுக்குத் தேவைப்படும். எவை என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள்.

பொருளின் உண்மையை அறிதல்

பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து ஆராயும்போது முதலில் அதன் இயல்பையும் தொழிலையும் படியுங்கள், நம்பிக்கைகள் பிறகு. பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். வெட்டினால் பால் வடிவதைத் தொழிலாளியின் இரத்தமாகவும் கண்ணீராகவும் எழுதி எழுதி அந்தக் குறியீடு தேய்ந்துவிட்டது. அதை எழுதியவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், பால்வெட்டைக் கற்கவில்லை என்பது என் எண்ணம்.

கற்றால் என்ன கிடைக்கும்? இந்த மரமும் நம்மைப் போலக் கடல் கடந்து வந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. அங்கே முளைத்த கன்றுகளில் 22, 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க கால மரம் ஒன்று இன்றும் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் போய்த் தொட்டுப் பார்க்கலாம். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த தாவரவியலாளர் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை உருவாக்கினார். மரம் சாகக் கூடாது, ஆனால் வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளரும், சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் உளி படும். உள்ளேயிருக்கும் வளர்படலத்துக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். உளி அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழும், பட்டை புடைத்து மேடு தட்டும், மண்டோரின் வசவும் விழும். கொல்லாமல் வெட்டும் இந்தக் கலையை அறிந்த பெண் தன் குடும்பத்தில் எதை எவ்வளவு ஆழம் சொல்ல வேண்டும், எங்கே கையை நிறுத்த வேண்டும் என்று அறிந்தவளாக இருப்பதை நீங்கள் விளக்கவே தேவையில்லை.

இன்னும் உண்டு. பொழுது புலருமுன் வெட்டுவது ஏனென்றால், அப்போது மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறையும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை சிவந்து உதிரும்போது பாலும் குறையும், அதனால் வருமானமும் குறையும். பார்க்க வந்தவருக்கு அழகாகத் தெரியும் அந்தச் சிவப்பு, லயத்துக்குக் கடன் புத்தகத்தின் நிறம். காய் வெடித்து விதை தெறிக்கும் சத்தமும், அந்த விதையைக் கல்லில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் தொடையில் வைத்துவிட்டு ஓடும் பிள்ளைகளும் தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் மறக்காது.

எண்ணெய் எடுக்கும் செம்பனையும் இப்படிப் படிக்கத் தக்கது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தொடங்கியது. 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் தொழிலாளர்கள் மகரந்தப் பொடியைக் கையால் தூவிவந்தார்கள். வண்டு வந்தது, அந்த வேலை போயிற்று. ஒரு பூச்சி ஒருவரின் சம்பளத்தைத் தின்ற கதையை இன்னும் யாராவது முழுமையாக எழுத வேண்டும்.

ஒரே பொருள், பல வீடுகள்

இயல்பை அறிந்த பிறகு நம்பிக்கைக்கு வாருங்கள். ஒரு பொருளை நம் வீடு எப்படிப் பார்க்கிறது, அண்டை வீடு எப்படிப் பார்க்கிறது என்ற இரண்டையும் கேளுங்கள். பல இனத்தவர் வாழும் ஊரில் குறியீட்டுக்கு ஒரே பொருள் இருக்க முடியாது.

ஆந்தை அலறினால் சாவுச் செய்தி வரும் என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். மலாய்க்காரர்கள் அதைப் ‘புரோங் ஹந்து’, அதாவது பேய்ப்பறவை என்பார்கள். செம்பனைத் தோட்ட நிருவாகமோ எலிகளை ஒழிப்பதற்காகக் கம்பத்தில் பெட்டி அடித்து அதே ஆந்தையைக் குடிவைக்கிறது. லயத்து வாசலுக்கு எதிரே நிருவாகம் ஆந்தைப் பெட்டி நட்டுவிட்டுப் போன அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று எழுதிப் பாருங்கள்.

காக்கை அதைவிட ஆழமானது. குறுந்தொகையின் 210ஆம் பாட்டில் விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும் பலி சிறிதே என்கிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அமாவாசைக்கு நாம் இன்றும் முன்னோருக்கென்று அதற்குத்தான் சோறு வைக்கிறோம். கிள்ளானில் பெருகியிருக்கும் வீட்டுக் காக்கையோ இந்த மண்ணுக்குரியதன்று. காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்பதற்காக இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டது. இன்று நகராட்சிகள் தொல்லை என்று சுட்டு வீழ்த்துகின்றன. தோட்டத்து வேலைக்கென்று கொண்டுவரப்பட்டு, வேலை தீர்ந்ததும் வேண்டாததாகிப் போன ஓர் உயிர், நம் முன்னோரின் சோற்றைத் தின்கிறது. இதை நான் கண்டுபிடித்த நாளில் இரவு முழுதும் தூக்கம் வரவில்லை. அதற்காக அதை நாவலில் இப்படியே விளக்கி எழுதியிருந்தால் கெடுத்திருப்பேன்.

நிறமும் எண்ணும் இதே வழியில் போகும். மஞ்சள் நமக்கு மங்கலம், தாலிக் கயிறு, மாரியம்மன் காப்பு. மலாய் மரபில் அது அரச நிறம், அதுவும் அரச நகரமான கோலகங்சாருக்கு இவ்வளவு பக்கத்தில். 2007 நவம்பரில் தலைநகரில் நடந்த தேர்தல் சீர்திருத்தப் பேரணியில் அது எதிர்ப்பின் நிறம். கதை நடக்கும் ஆண்டு தெரியாமல் மஞ்சள் சட்டை போடாதீர்கள். எட்டு நமக்குச் சனியின் எண், சீனருக்குச் செழிப்பின் எண். நான்கு அவர்கள் மொழியில் சாவென்ற சொல்லை ஒத்து ஒலிப்பதால் ஆகாது. ஒரு லாரியின் எண் பலகையை வைத்தே கூட்டு வியாபாரத்தில் ஒரு சண்டையை மூட்டிவிடலாம்.

எழுத்தில் வைக்கும் முறை

முதல் தடவை அந்தப் பொருள் வேலைக்காக மட்டுமே வரட்டும்: மங்கு பால் பிடிக்கட்டும், வேறொன்றும் செய்ய வேண்டாம். அடுத்த முறை அது இடம் மாறி வரட்டும். அதே மங்கில் குழந்தை மண்ணள்ளி விளையாடலாம், அல்லது சமாதியின் முன் விளக்காக எரியலாம். மூன்றாவது முறை வரும்போது வாசகருக்கு அது தானே பேசும். ‘அந்த மங்கைப் போலவே அவள் வாழ்க்கையும்’ என்று தொடங்கும் வாக்கியம் எங்கேனும் தென்பட்டால் அடித்துவிடுங்கள். என் கையெழுத்துப் படியில் அப்படிப் பதினொரு வாக்கியங்கள் இருந்தன.

பெயரே குறியீடாகும்போது

முன்பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், அடுத்து வந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, எமன் கண்ணுக்கு மதிப்பில்லாததாகக் காட்டிக் குப்பு, குப்பம்மா என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தார்கள். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால் ‘போதும்பொண்ணு’. இழிவாகத் தோன்றும் பெயருக்குள் எவ்வளவு அச்சமும் அன்பும் இருக்கின்றன என்பதை அறியாமல், நாகரிகம் கருதி அதை மாற்றிவிடும் எழுத்தாளர்களைப் பார்த்திருக்கிறேன். மறுபுறம், ஏமாந்துகொண்டே இருப்பவனுக்கு ‘வெற்றிவேல்’ என்றும் இருட்டில் வாழ்பவளுக்கு ‘ஜோதி’ என்றும் வைப்பது வாசகரின் விலாவில் இடிப்பது போன்றது.

பெயரே வைக்காமல் விடும் வழியும் இருக்கிறது. அகப்பாடலில் தலைவன், தலைவி பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி: “மக்கள் நுதலிய அகனைந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்.” பெயர் வந்துவிட்டால் அந்தக் காதல் ஒருவருடையதாகிவிடும் என்பதால் அப்படி வைத்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அவசரகாலத்தில் காணாமற்போன ஒருவனை நாவல் முழுதும் ‘சின்னவன்’ என்றே விட்டுவிட்டால், அவனைத் தேடும் வீடுகள் பலவாகும்.

திருத்தும் வேளையில்

முதல் வரைவு முடிந்ததும் அதைத் தோட்டத்தில் வளர்ந்த இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒருவர் எழுபதைக் கடந்தவராகவும் மற்றவர் பெண்ணாகவும் இருக்கட்டும். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பெயரைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெயரை மாற்ற வேண்டியிருந்தால் கணினியின் தேடி மாற்றும் வசதியை நம்ப வேண்டாம். ‘முனியன்’ என்று தேடினால் ‘முனியனை’, ‘முனியனுக்கு’, ‘முனியனோடு’ எதுவும் அகப்படாது, வேற்றுமை உருபு சேரும்போது ‘ன்’ என்ற எழுத்தே மாறிவிடுகிறது. சரி என்று ‘முனிய’ வரை மட்டும் கொடுத்துத் தேடி மாற்றினேன். இருநூறு பக்கங்களில் நாயகனோடு சேர்ந்து அவன் அம்மா முனியம்மாவுக்கும், கோயிலில் நின்ற முனியாண்டிக்கும் கூட மறு பெயர் சூட்டியிருந்தேன்.